நீறும் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியை நோக்கி இறங்கி வரும்போது, முடிவதற்குச் சற்று முன் ஓரிடத்தில் விலகி வழி விடுகிறது. அவ்வழியே ஆரல்வாய்மொழி. நெல்லைச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் வரும் பெருவழியும் இருப்புப்பாதையும் இந்த வாய்க்குள் புகுந்தே செல்கின்றன. 1809 பிப்பிரவரியில் திருவிதாங்கூரின் அரண்வரிசையை உடைத்துக்கொண்டு ஆங்கிலப் படை நுழைந்ததும் இங்கேதான். படை ஒருமுறை வந்தது. காற்றோ ஆண்டுதோறும் வருகிறது. வைகாசி பிறந்ததும் மேலைக்காற்று இக்கணவாயில் நெருக்குண்டு, விரைவு மிகுந்து, கிழக்கே பாயும். முப்பந்தலில் காற்றாலைகள் தோப்பாக நிற்பது அதனால்தான்.

அக்காற்று எழுவதற்கு முன்னுள்ள மாதங்கள் மலைக்குத் தீயின் மாதங்கள். மாசியிலும் பங்குனியிலும் பொய்கைமலை, தெற்குமலைச் சரிவுகளில் புல் காய்ந்து வைக்கோலாகும். நாஞ்சில் நாட்டின் மேற்குப் பகுதி மழையில் நனையும்போதும் இக்கணவாய்ப் பக்கம் மழை மறைவிலேயே கிடக்கும். உடை, விராலி, உசிலை, சதுரக்கள்ளி, இடையிடையே சுக்குநாறிப்புல் என்று வறட்சிக்குப் பழகிய செடிகொடிகளே இங்கு மிகுதி. சுக்குநாறிப்புல்லின் இலைக்குள் ஆவியாகும் எண்ணெய் உண்டு. ஒரு பீடித் துண்டோ, வழியோரத்தில் யாரோ மூட்டிய குப்பைத் தீயோ போதும். இரவில் நெடுஞ்சாலையில் வருவோர், தோவாளைச் சந்தையில் கட்டிய செவ்வந்தி மாலையை மலைக்குச் சாத்தியதுபோல ஒரு செங்கோடு சரிவில் வளைந்து கிடப்பதைக் காண்பர். தொலைவில் நின்று பார்ப்பவர்க்கு அது அழகாகவும் தோன்றும்.

தீயின் நடையைப் பற்றித் தமிழ்நாடு 2018 மார்ச்சு 11 அன்று கற்றுக்கொண்டது. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரைப் புல்வெளித் தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. சரிவில் மேல்நோக்கி ஏறும் தீ, ஒவ்வொரு பத்துப் பாகைச் சாய்வுக்கும் ஏறத்தாழ இருமடங்கு விரைவு பெறும் என்பது தீயறிவியலார் கணக்கு. அனலும் தழலும் மேலே சாய்ந்து, எரியாத புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகின்றன. அந்த மலையேற்றத்தைப் பற்றிப் பல நூறு பக்கங்கள் எழுதப்பட்டன, உசாவற்குழு அமைந்தது, மலையேற்ற விதிகள் பிறந்தன. தீ அணைந்தபின் அச்சரிவின் மண்ணுக்கும் நீருக்கும் என்ன நேர்ந்தது என்பதைப் பற்றிப் பேசியோர் சிலரே. தீ செய்தியாகிறது. நீறு செய்தியாவதில்லை.

நீறு என்ற சொல்லை எண்ணிப் பார்த்தே இதைத் தொடங்கினேன். தமிழில் எரிந்து மிஞ்சியவற்றுக்குப் பெயர்கள் பல: கங்கு, தணல், கரி, சாம்பல், நீறு. இவை ஒரே பொருளின் பல பெயர்கள் அல்ல, எரிதலின் படிகள். காற்றுப் போதாமல் பாதி வெந்தது கரி. முற்றும் எரிந்து வெளுத்தது நீறு. காட்டுத்தீ ஆய்வாளர்கள் இன்றும் முதலில் பார்ப்பது இந்த நிறத்தைத்தான். சரிவு கருமையாகக் கிடந்தால் தீ விரைந்து கடந்திருக்கிறது. மண் பெரும்பாலும் பிழைத்திருக்கும். வெண்ணீறு திட்டுத் திட்டாகக் கிடந்தால் அங்கே ஒரு கட்டையோ, சருகுக் குவியலோ நெடுநேரம் நின்று எரிந்திருக்கிறது. அதன் அடியில் மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும்.

அப்படிக் கிளறினால் என்ன தெரியும் என்பதை இவ்வூர்ச் செங்கல் சூளைக்காரர்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. பழுப்பு மண், சூடேறினால் செம்மையாகிறது. மண்ணில் நீரோடு பிணைந்திருக்கும் இரும்புச் சேர்மம் அந்நீரை இழந்து செவ்விரும்பாக மாறுவதே காரணம். எரிந்த கட்டைக்கு அடியிலும் அதே மாற்றம் நிகழ்கிறது. அங்கே வித்தும் வேரும் மண்ணுயிரும் வெந்துபோயிருக்கும். ஆனால் புல்வெளித் தீயில் இது அரிது. மண் வெப்பத்தை எளிதில் கடத்தாது. மேலே பல நூறு பாகை வெப்பம் நிமிடக் கணக்கில் ஓடி மறைந்தாலும் இரண்டு மூன்று விரல் ஆழத்தில் வேர்கள் பெரிதும் ஊறின்றி இருக்கும். ஆகையால்தான் கரிந்த சரிவில், மழை விழுந்த சில நாள்களில், சுக்குநாறிப்புல் தூர் வெடித்துப் பச்சை காட்டுகிறது.

நம் உழவர் மொழி இங்கே பெரிய உதவி செய்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று பயிருணவை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறோம். தழைச்சத்து 200 பாகைச் செல்சியசுக்கு மேல் ஆவியாகத் தொடங்கிப் புகையோடு போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஆவியாக 760 பாகைக்கு மேல் வேண்டும்; ஆகவே அவை பெரும்பாலும் நீற்றிலேயே தங்கிவிடுகின்றன. பெயரே வேதியியலைச் சொல்கிறது. ஒரு மலை எரிந்தால், அதன் உடலிலிருந்த சத்தில் ஒரு பங்கு வானுக்குப் போகிறது. மறு பங்கு மெல்லிய தூளாக மண்மேல் பரந்து கிடக்கிறது. பற்றிக்கொள்ள வேரில்லாத நிலையில், அது அங்கே எத்தனை நாள் கிடக்கும் என்பதே கேள்வி.

இனி, கண்ணுக்குத் தெரியாத ஒரு தீங்கு. செடிகொடிச் சருகில் மெழுகுத் தன்மையுள்ள பொருள்கள் உண்டு. தீயில் இவை ஆவியாகி, மண்ணுக்குள் இறங்கி, குளிர்ந்த அடுக்கில் படிந்து, மண்துகள்கள்மேல் மெல்லிய பூச்சாகின்றன. ஏறத்தாழ 175 முதல் 200 பாகை வரை சூடேறிய அடுக்கில் இப்பூச்சு வலுவாக அமையும். 280 பாகையைக் கடந்தால் அதுவே சிதைந்துவிடும். பூச்சு அமைந்த மண்ணில் ஒரு சொட்டு நீர் விட்டால், தாமரையிலைமேல் நீர்போல உருண்டு நிற்கும். நீரை உண்ணாத மண். மேலே தளர்ந்த சாம்பல், கீழே நீர் புகா அடுக்கு, சரிந்த மலை. இம்மூன்றும் சேர்ந்த இடத்தில் முதல் பெருமழை விழுந்தால், மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் மேற்பரப்பைச் சுருட்டிக்கொண்டு இறங்கும்.

கலிபோர்னியாவின் மாண்டெசிட்டோ என்ற ஊர் இதற்குச் சான்று. 2017 திசம்பரில் அவ்வூருக்கு மேலுள்ள மலை எரிந்தது. ஊர் பிழைத்தது. 2018 சனவரி 9 விடியுமுன் பெய்த கடுமழை, எரிந்த சரிவிலிருந்து பாறையும் சேறும் கலந்த பெருக்கை ஊருக்குள் இறக்கியது. 23 பேர் மாண்டனர். தீயில் போகாத உயிர்கள் நீரில் போயின. ஆரல்வாய்மொழி மலைகள் அதைப்போல் செங்குத்தானவையும் அல்ல, நம் புல்வெளித் தீ அத்தனை வெப்பம் உடையதும் அல்ல. அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் சிறிய அளவில் இதே செயல்தான் இங்கும் நிகழும். அதன் விளைவு ஊரைப் புதைப்பதாக இராது, குளத்தைத் தூர்ப்பதாக இருக்கும்.

குமரி மாவட்ட அணைகளின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் நாள்தோறும் பார்ப்பவர்க்கு, பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்ற வரிசையில் பொய்கை 42.65 அடி என்ற எண்ணும் மனப்பாடம். மலையடியில் நிற்கும் அச்சிறு அணைக்கு மேற்சரிவிலிருந்து இறங்கும் ஓடைகளே உயிர். எரிந்த சரிவின் முதல் வெள்ளம் மூன்றைச் சுமந்து வரும்: மணல், கரித்தூள், கரைந்த சத்து. மணல் அணையின் கொள்ளளவைக் குறைக்கும். சாம்பல் கரைந்த நீர் காரமானது; சலவைத் தொழிலாளர் முன்பு சாம்பலைக் கரைத்துத் தெளிந்த நீரில் துணி வெளுத்தது இக்காரத்தால்தான். சிறு குட்டையில் அது மிகுந்தால் மீனின் செவுள் பழுதுபடும். கரைந்த சத்தோ பாசிக்கு விருந்து. நீர் பச்சையாகித் திரண்டு, பாசி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறையும். மலையில் உரமாயிருந்த அதே பொருள், இடம் மாறியதும் மாசாகிவிடுகிறது.

ஆகவே மலையில் துப்புரவு என்பது அள்ளுவதன்று. அள்ளக் கூடாது. நீற்றை இருக்கும் இடத்திலேயே இருத்துவதுதான் அங்கே துப்புரவு. சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரக் கோட்டில், அங்கே கிடக்கும் கல்லையே வரிசையாக அடுக்குதல். ஓடையின் தலைப்பகுதியில், இடுப்புயரம் தாண்டாத கல்தடுப்புகளை அருகருகே பலவாக அமைத்தல். கரிந்த முள்செடிக் கிளைகளை வெட்டிச் சரிவிலேயே பரப்புதல். இவற்றில் கடைசியதே மிகப் பயன் தருவது. அமெரிக்க வனத்துறையின் பல்லாண்டு அளவீடுகளில், மண்மேல் வைக்கோலோ மரச்சீவலோ பரப்பிய இடத்தில் அரிப்பு வெகுவாகக் குறைந்தது. வானூர்தியில் புல்விதை தூவிய இடத்தில் பெரிய மாற்றமில்லை. விதை முளைக்கும் முன் மழை வந்துவிடுகிறது. மழைத்துளி நேரே மண்ணில் மோதாமல் தடுக்க ஒரு போர்வை வேண்டும், அவ்வளவே.

எரிந்து நிற்கும் மரங்களை வெட்டி எடுத்துவிட்டால் காடு தூய்மையாகும் என்று எண்ணுவோர் உண்டு. சட்டமும் அறிவியலும் இங்கே ஒரே பக்கம் நிற்கின்றன. இம்மலைகள் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி காட்டுயிர்ப் புகலிடத்தைச் சேர்ந்தவை. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000 பிப்பிரவரி 14 அன்று, புகலிடங்களிலிருந்து பட்ட மரம், விழுந்த மரம், புல் எதையும் அகற்றக் கூடாது என்று ஆணையிட்டது. பட்ட மரம் மண்ணைப் பிடித்திருக்கும்; மரங்கொத்திக்குக் கூடாகும்; விழுந்தால் தடுப்புச் சுவராகும். விறகு பொறுக்கி அடுப்பெரிக்கும் மலையடி மக்களுக்கு இந்த ஆணை கடுமையானதே. அவர்களுக்கு மாற்று எரிபொருள் தராமல் ஆணையை மட்டும் காட்டுவது நேர்மையாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மரக்கன்று நடு விழாக்களைப் பற்றியும் ஒரு சொல். தீ அணைந்த மறுமாதம் கன்றுகளோடு மலையேறுவது நல்ல நெஞ்சின் செயல். ஆனால் இம்மலைக்குப் பொருந்தாச் செயல். குழி தோண்டுவது, தளர்ந்த மண்ணை மேலும் தளர்த்தும். உசிலையும் உடையும் அடித்தூரிலிருந்து தாமே துளிர்க்கும். விராலியின் விதைக்குக் கடினமான மேலுறை. தீயின் வெப்பம் அதை விரியச் செய்து முளைக்க வைக்கும். இவை இருக்கும்போது மலைக்கு நம் கன்றுகள் தேவையில்லை. நம் கை தேவைப்படும் இடம் வேறு. எரிந்த வெளியில் முதலில் குடியேறத் துடிப்பது உண்ணிச்செடி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச் செடியாக இந்நாட்டுக்குள் வந்தது அது. அது புதராகி, காய்ந்து, அடுத்த தீக்குத் தானே விறகாகும். அடுத்த இரண்டு மழைக்காலங்களிலும் அதன் இளஞ்செடிகளை வேரோடு பிடுங்குவது, ஆயிரம் கன்று நடுவதைவிடப் பெரிய பணி. ஒளிப்படத்துக்கு ஏற்ற பணி அன்று என்பதால் ஆள் கிடைப்பதுதான் அரிது.

மலையை விட்டு ஊருக்குள் வருவோம். இங்கே எல்லாம் தலைகீழ்.

மலையடியில் ஒரு குடியிருப்பின் விளிம்பைத் தீ தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பனையோலைக் குடிசை எரிந்த காலத்தில் மிஞ்சியது வெறும் நீறு. அதை அள்ளி எருக்குழியில் போட்டார்கள், பாத்திரம் துலக்கினார்கள், பல்லும் விளக்கினார்கள். அந்தப் பழக்கம் நமக்குள் ஊறியிருக்கிறது. ஆனால் இன்றைய வீட்டின் நீறு அந்த நீறன்று. கல்நார் சிமிட்டித் தகடு, வண்ணப்பூச்சில் ஈயம், மின்கலங்களில் ஈயமும் பிறவும், குழல்விளக்கில் பாதரசம், பாலிவினைல் குழாய், தொலைக்காட்சிப் பெட்டி, பூச்சிமருந்து டப்பி. ஒரு சிறு வீட்டுக்குள் ஒரு வேதிப்பொருள் கிடங்கே இருக்கிறது. இவை எரிந்து கலந்த தூளின் நிறமும் சாம்பல் நிறமே. கண் இரண்டையும் பிரித்தறியாது.

கல்நாரைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும். இந்தியாவில் கல்நார்க் கூரைத் தகட்டுக்கு இன்றும் தடையில்லை. மலையடிச் சிற்றூர்களில் கொட்டகைக்கும் சமையற்கட்டுக்கும் அதுவே கூரை. தகடு முழுதாய் இருக்கும் வரை இழைகள் சிமிட்டிக்குள் கட்டுண்டு கிடக்கும். தீயில் சூடேறியதும் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தகடு வெடித்துச் சிதறும். அப்போது விடுபடும் இழைகள் மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லியவை. மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். நோய் தெரிய இருபது முப்பது ஆண்டுகள் ஆகலாம். அதனால்தான் யாரும் அதற்கு அஞ்சுவதில்லை. உடைந்த தகட்டின்மேல் நீர் தெளித்து, ஈரம் காயாமல், முழுத் துண்டாகவே எடுத்து, தடித்த நெகிழி உறையில் கட்ட வேண்டும். விளக்குமாற்றால் பெருக்குவது தவறு. ஊதுகருவியால் ஊதுவது அதைவிடத் தவறு. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது காப்பு ஆகாது. முகத்தோடு பொருந்தி மூடும், மிகநுண் துகளையும் வடிகட்டும் மூச்சுக்காப்பு வேண்டும்.

இவ்வேலைக்கு நாம் யாரை அனுப்புவோம் என்பது எல்லார்க்கும் தெரியும். கையில் விளக்குமாறும் தோளில் துண்டுமாக, நாள்கூலிக்கு வந்த தூய்மைப் பணியாளரை. அவருக்கு மூச்சுக்காப்பும் கையுறையும் கொடுக்காமல் ஊர் துப்புரவானது என்று அறிக்கை எழுதினால், மாசு அகன்றதாகாது; வீட்டிலிருந்து ஒருவர் நுரையீரலுக்கு இடம் பெயர்ந்தது என்றே பொருள்.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைசு என்ற ஊர் சில மணி நேரத்தில் எரிந்தழிந்தது. 85 பேர் இறந்தனர். அத்தீயில் 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. தொடங்கியது மின்கோபுரத்தில், ஏறத்தாழ நூறாண்டு பழைய இரும்புக் கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்ததில். காற்றாலை மின்கம்பிகள் மலையடியெங்கும் ஓடும் ஒரு கணவாயில் வாழ்வோர் இதை நினைவில் வைப்பது நலம். பாரடைசுத் தீக்குப் பின் அள்ளப்பட்ட சிதைவு 36 இலட்சம் டன்னுக்கு மேல். அள்ளிய முறையில் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் எரிவாயு உருளை, மின்கலம், பூச்சிமருந்து போன்ற இடர்ப்பொருள்களை மட்டும் பயிற்சி பெற்றோர் பொறுக்கி எடுத்தனர். அடுத்துக் கல்நார். அதன் பின்னரே சிதைவும் சாம்பலும். அதன் அடியிலுள்ள மண்ணும் சில அங்குலம் சுரண்டப்பட்டது. மிஞ்சிய மண்ணை ஆய்வகத்தில் தேர்ந்த பிறகே வீட்டுக்காரருக்கு மனை திரும்பியது.

குடிநீரில்தான் எவரும் எதிர்பாராதது நடந்தது. அதற்கு முந்திய ஆண்டே, 2017இல், அதே கலிபோர்னியாவின் சாண்டா ரோசா நகரில் தீ அணைந்து சில வாரங்களில், குழாய்நீரில் தீய நாற்றம் வருவதாக ஒருவர் முறையிட்டார். ஆய்ந்தபோது பென்சீன். அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். அங்கே மிகுதியாகக் கண்டது 40,000. பாரடைசிலும் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. நெகிழிக் குழாய்கள் வெந்து ஆவி விட்டதும், அழுத்தம் குறைந்த குழாய்கள் புகையை உள்ளிழுத்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நீரைக் காய்ச்சினால் பென்சீன் போகும்தான். ஆனால் அது போகுமிடம் சமையற்கட்டின் காற்று. நம் ஊரில் மாடிக்கு மாடி கருநிற நெகிழித் தொட்டி. தோட்டத்துக்குத் தோட்டம் சொட்டுநீர்க் குழாய். தீ தொட்ட வீட்டின் தொட்டியில் நீர் தெளிவாய் இருக்கிறது என்பது சான்றாகாது. வெந்த குழாயைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

காற்றாலையும் எரிவதுண்டு. உச்சியிலுள்ள பெட்டிக்குள் பற்சக்கர எண்ணெய் லிட்டர் கணக்கில் இருக்கும். அத்தனை உயரத்துக்குத் தீயணைப்பு வண்டியின் நீர் எட்டாது. எரிந்து தீரும் வரை கீழே நின்று ஆள்களை விலக்கிவைப்பதே செய்யக்கூடியது. இறக்கையின் பிசின் எரிந்துபோகும், கண்ணாடி இழை எரியாது. அது பொடிந்து புல்வெளியில் விழும். ஆடு மேயும் இடம் அது.

இப்போது அந்தக் காற்றுக்குத் திரும்பலாம். பங்குனியில் ஊர் விளிம்பில் தீ நிகழ்ந்தால், ஆரல்வாய்மொழிக்குக் கெடு இரண்டு. ஏனைய ஊர்களுக்கு ஒன்றே: மழை. இங்கே அதற்கு முன் காற்று வருகிறது. வைகாசிக்குள் அள்ளி மூடாத வீட்டுச் சாம்பல், கணவாய் வழியே கிழக்கே பறந்து காவல்கிணறு, பணகுடிப் பக்கத்து முற்றங்களில் போய் அமரும். ஐப்பசிக்குள் தடுத்து வைக்காத மலைச் சாம்பல் பொய்கைக்குள் இறங்கும். இடையில் சித்திரைக் கோடைமழை ஒன்று இடியோடு வந்தால் இரண்டாம் கெடு முந்திக்கொள்ளும். ஆகையால் வரிசை தெளிவு: ஊரின் நீற்றை ஈரப்படுத்தி முதலில் அகற்று, மலையின் நீற்றைக் கல்லாலும் முள்ளாலும் அடுத்து இருத்து. நடைமுறையில் இவ்வரிசை மாறிப்போவதையே காண்கிறோம். மலையில் விழா முதலில், ஊரில் குப்பை வண்டி பிறகு.

தீ எங்கே, எவ்வளவு என்று அறிவதில் இன்று குறையில்லை. இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீயிடங்களைக் கண்டு எச்சரிக்கிறது. 375 மீட்டர் பக்க அளவுள்ள நுண்கட்டங்களில் வெப்பத்தைப் பிரித்தறியும் கருவியும் இப்போது அதற்கு உதவுகிறது. ஆனால் வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தப்பும் தீ ஒன்றுண்டு. நீறு பூத்த நெருப்பு என்று நாம் மனிதரின் சினத்துக்குச் சொல்லும் உவமை, மலையில் சொல்லுக்குச் சொல் உண்மை. பட்ட மரத்தின் வேருக்குள் தீ புகுந்தால், மேலே சாம்பல் மூடி, காற்று மிகக் குறைவாகக் கிடைக்கும் நிலையில், நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். புறங்கையைத் தரைக்கு மேலே பிடித்துச் சூடு பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள் தீக்காவலர்கள். உள்ளங்கையை வைப்பதில்லை, புறங்கைத் தோல் சூட்டை விரைவில் உணரும், சுட்டாலும் கருவி பிடிக்கும் கை கெடாது.

இச்சரிவடிகளில் பனைகள் நிற்கின்றன. தீயில் முதலில் பற்றுவது அவற்றின் கழுத்தைச் சுற்றித் தொங்கும் காவோலை. அது பந்தமாக எரிந்து விழும். ஆயினும் பனை பெரும்பாலும் சாவதில்லை. மற்ற மரங்களுக்கு உயிரோட்டம் பட்டைக்கு அடியில் ஒரு மெல்லிய வளையமாக ஓடுகிறது. பட்டை வெந்தால் மரம் போயிற்று. பனைக்கோ அவ்வோட்டம் தண்டு முழுதும் நார் நாராகப் பரந்திருக்கிறது. குருத்து உச்சியில், மட்டைகளின் நடுவே, பொதிந்திருக்கிறது. பட்டை உரித்துப் புதிதாக்கும் வழக்கமும் பனைக்கு இல்லை. ஆகவே கரிந்த மேற்புறம் கரிந்தபடியே இருக்கும். மலை மூன்றாம் ஆண்டில் தீயின் தடம் தெரியாமல் பச்சையாகிவிடும். பனையில் அக்கரி, தீ எந்த உயரம் தொட்டதோ அதே உயரத்தில், ஆண்டுக்கணக்கில் நிற்கும். பாளை சீவ ஏறி இறங்கும் பனையேறியின் மார்பில் அது ஒட்டிக்கொண்டு வரும்.